ப.நே.

மல்லாவி. இரவு பதினொன்றேகால்.
நெல் ஆலைக் கணக்கை மூடிவிட்டு
டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டினேன்.
சிக்னல் ஒரு கோடு. மழை வந்தால் அதுவும் இல்லை.

அனுப்ப இருந்தது பதினொரு வரி.
மூன்றுக்கு முன்னால் கழித்தல்,
எட்டுக்கு முன்னால் கூட்டல்.
எதை எடுத்தாய், எதை வைத்தாய்,
ஏன் என்று மேலே ஒரு பத்தி.

அந்தப் பத்திதான் மூன்று நாளாக வரவில்லை.

சாதகம் கணிக்கும் நிரல் அது. இலவசம்.
யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம்.
நான் பார்த்தேன், ஏனென்றால்
எனக்கு விருச்சிக லக்கினம் என்றது,
பன்னிரண்டில் செவ்வாய் என்றது,
முறிகண்டியிலிருந்து வந்தவர்கள்
தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை.
கணக்கில் உண்டு.

இரண்டாயிரத்து ஒன்று, பொங்கலுக்கு அடுத்த நாள்,
விடியப்புறம் நாலு இருபத்தைந்துக்குப் பிறந்தேன்.
நிரல் அதைக் கொழும்பு மணிக்கூட்டில் போட்டுக் கழித்திருந்தது.
அந்த வருடங்களில் எங்கள் மணிக்கூடு
கொழும்புக்கு அரை மணித்தியாலம் பிந்தி ஓடியது.
அங்கே முள்ளை முன்னுக்குத் தள்ளினார்கள்.
இங்கே தள்ளவில்லை.

முதல் பதில் மார்குஸிடமிருந்து, எஸ்தோனியா:
ஒட்டு பொருந்தவில்லை.
வரித்தொடக்க இடைவெளிகளை உன் அஞ்சல் தின்றுவிட்டது.
அலங்காரம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்தாக அனுப்பு.

அனுப்பினேன். இரண்டாம் பதிப்பு.

ஆதாரம்? என்றான்.

அம்மாவின் சொப்பிங் பைக்குள் பிறப்பு அட்டை.
நாலு இருபத்தைந்துக்குப் பக்கத்தில்
தாதியின் சரிந்த எழுத்தில் ‘ப.நே.’
பழைய நேரம்.
அட்டையின் ஒரு மூலை இல்லை.
அது எங்கே போனதென்று பத்தியில் நான் சொல்லவில்லை.
ஒரு வரி எழுபத்திரண்டு எழுத்தைத் தாண்டக்கூடாது.

எல்லை எது? அடுத்த கேள்வி.
எந்த அகலாங்கிலிருந்து எதுவரை பழைய நேரம்?

என்ன இலக்கம் கொடுப்பது.
ஓமந்தையில் பஸ்ஸால் இறங்கி
வரிசையில் நிற்கிறபோதே முள்ளைத் திருப்பிவிடுவாராம் மாமா.
அது ஒரு வருடம்.
வேறு வருடம் கோடு வேறு ஊரில்.
“எல்லை அசைந்துகொண்டிருந்தது” என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு:
தாலினிலும் ஒருமுறை மணிக்கூட்டை மாற்றினார்கள்,
எங்களைக் கேட்கவில்லை.
அதற்குக் கீழே, பழைய வேலைக் குரலில்:
எல்லையை நிரல் தீர்மானிக்க வேண்டாம்.
ஒரு பெட்டி வை. பிறந்தவர் புள்ளடி போடட்டும்.

மூன்றாம் பதிப்பு. நாலாவதில் ஒரு காற்புள்ளி.
எடுத்துக்கொண்டேன், நன்றி, என்றான்.
மாற்றப் பதிவேட்டில் கதிரமலை அகல்விழி,
அனுப்பிய நேரம், அதன் பின்னால் +0530.
இப்போது முழுத்தீவுக்கும் அதே நேரம்.

தனுசு. செவ்வாய் பதினொன்றில். தோசமில்லை.
அம்மா அச்செடுத்துக்கொண்டு தரகரிடம் ஓடினாள்.
“திரும்பக் கேட்டுப் பாப்பம், பிள்ளை.”
அவையளுக்கு இந்த ஒட்டுப் பொருந்தாதம்மா என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை. நான் சிரித்தேன்.

நேற்று ஒரு அஞ்சல், முன்பின் தெரியாத பெண்.
விசுவமடு, தொண்ணூற்றொன்பது ஆவணி.
அட்டை இல்லை.
அம்மா சொன்ன நேரம்தான் இருக்கு.
அது எந்த நேரமெண்டு இனி அம்மாவைக் கேக்கேலாது.
பெட்டியில புள்ளடி போடுறதா, விடுறதா?

மூன்று தரம் பதில் எழுதி மூன்று தரம் அழித்தேன்.

ஒருவரும் தொடாவிட்டால் அந்தப் பெட்டி வெறுமையாகத்தான் இருக்கும்.
அப்படி வைத்தது நான்.